லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு எந்தப் பிரிண்டர், எந்த ஸ்கேனர்?

கடைக்குத் தராசு வாங்கப் போனால் நாம் முதலில் முத்திரையைப் பார்க்கிறோம். பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு நாலு மணி உள்ளங்கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சாமான் என்று வந்துவிட்டால், கடைக்காரர் அட்டைப் பெட்டியைக் காட்டியதும் பில் போடச் சொல்லிவிடுகிறோம். நாமும் அப்படி ஒரு முறை வாங்கிப் பட்டவர்கள்தான். அந்த அனுபவம் மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

லினக்ஸ் பேச்சு ஏன் வந்தது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குச் சாதாரணப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது முடிவுக்கு வந்தது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓர் ஆண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசசரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது விதி. நமது கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்கள் பலவும் அதற்கு முந்தியவை. நம் கடை மெஷின் 2016-ல் வாங்கியது.

மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மெஷின் கல்லு மாதிரி இருக்கு. இதைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் போட்டுத் தாரேன், அதுக்குக் காசு கிடையாது" என்றார். லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டுக் கொடுத்தார். 4 ஜி.பி. மெமரியிலேயே நன்றாக ஓடுகிறது.

லினக்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்களில், விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன்களில் சிலர் அதைத் தொட்டுப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள்.

நாம் பட்ட பாடு

மில்லிலிருந்து ஒரு லோடு துவரம்பருப்பு வந்தது. வழியில் எடைமேடையில் போட்டதில் 100 கிலோ குறைந்தது. எடைச் சீட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியடியில் வைத்தோம். நாலு மாதம் கழித்துக் கணக்குத் தீர்க்கும்போது எடுத்துப் பார்த்தால், வெறும் வெள்ளைத் தாள்! அது தெர்மல் தாளில் அடித்த சீட்டு. சூடு, வெளிச்சம், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எல்லாமே அந்த எழுத்துக்கு எதிரி என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. மில்காரர் நல்லவர்தான். "சீட்டைக் காட்டுங்கள், கழித்துக்கொள்வோம்" என்றார். காட்ட நம்மிடம் எழுத்து இல்லை.

ஒரு சீட்டோடு போகிற கதையல்ல இது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். கொள்முதல் வரியைக் கழித்துக்கொள்ள விலைப்பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. தெர்மல் தாளில் வரும் பில்லை அன்றைக்கே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

அதற்காகவே, பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் ஒரு மெஷினை விலை குறைவு என்று வாங்கி வந்தோம். அது எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. லினக்ஸில் மாட்டினோம், பிரிண்ட் வந்தது. ஸ்கேன் மட்டும் என்ன செய்தும் வரவில்லை. திரும்பக் கொண்டுபோனால், "லினக்ஸா? அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே. பெட்டி பிரித்த சரக்கை எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். நாம் கேட்கவில்லை. எடைக் குறையில் போன பணம் ஒரு பக்கம், இந்த மெஷினில் முடங்கிய பணம் இன்னொரு பக்கம். அதன் பிறகே தெரிந்தவர்களிடம் கேட்டும், ஒவ்வொன்றாகச் சோதித்தும் சில விவரங்களைச் சேர்த்தோம்.

ஏன் சில மெஷின் ஓடுகிறது, சில ஓடுவதில்லை?

பிரிண்டர் ஒவ்வொன்றும் ஒரு மொழி பேசுகிறது. கம்ப்யூட்டர் சொல்வதை அந்த மொழியில் மாற்றிச் சொல்கிற தரகர்தான் 'டிரைவர்'. விண்டோஸுக்கான தரகரைக் கம்பெனிக்காரர் பெட்டியோடு அனுப்புகிறார். லினக்ஸுக்குச் சில கம்பெனிகள் அனுப்புகின்றன, சில அனுப்புவதில்லை. மொழியின் விவரம் வெளியே தெரிந்திருந்தால் லினக்ஸ்காரர்களே தரகரை எழுதிக்கொள்கிறார்கள். கம்பெனி அதை ரகசியமாக வைத்திருந்தால்தான் சிக்கல்.

இந்தச் சுதந்திர மென்பொருள் இயக்கம் தோன்றியதிலேயே ஒரு பிரிண்டருக்குப் பங்கு உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று இருந்தது. தாள் சிக்கிக்கொண்டால் உரியவருக்குத் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். மூல நிரல் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த மனக்குறையும் சேர்ந்துதான் 1983-ல் அவர் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்துகொண்டது.

லினக்ஸில் பிரிண்டர் வேலையைப் பார்ப்பது 'கப்ஸ்' என்னும் அமைப்பு. 1999-ல் வெளிவந்தது. ஸ்கேனர் வேலையைப் பார்ப்பது 'சேன்' என்னும் வேறோர் அமைப்பு. 1990-களின் நடுவில் தொடங்கியது. இரண்டும் தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள். ஒரே மெஷினாக இருந்தாலும் பிரிண்டுக்கு ஒரு தரகர், ஸ்கேனுக்கு ஒரு தரகர். நமக்கு ஒன்று வந்து மற்றொன்று வராமல் போனதற்குக் காரணம் இதுவே.

இனி, கடைக்குத் தேவையான சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பார்கோடு ஸ்கேனர்

மளிகைக் கடைக்கு ஸ்கேனர் என்றாலே இதுதான். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. யு.எஸ்.பி. வயரில் வரும் பார்கோடு ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரிடம் தம்மைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்கின்றன. கோட்டைப் படித்து அந்த எண்களைத் தட்டச்சு செய்வது போல அனுப்புகின்றன. ஆகவே டிரைவரே தேவையில்லை. கடையில் சோதிப்பதும் எளிது. வெறும் எழுத்துப் பலகையைத் திறந்து வைத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டுங்கள். 13 எண்கள் வந்து விழுந்தால் சரி. நம் நாட்டுச் சரக்குகளில் பெரும்பாலும் 890 என்று தொடங்கும்.

விலையில் இரண்டு தரம் உண்டு. கோடுகளை மட்டும் படிக்கும் லேசர் வகை மலிவு. கியூ.ஆர். கட்டத்தையும் படிக்கும் கேமரா வகை கொஞ்சம் கூடுதல். செல்போன் திரையில் காட்டுவதையும் கேமரா வகையே நன்றாகப் படிக்கும். இ-இன்வாய்ஸ் பில்களில் கியூ.ஆர். வருகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். மொத்த வியாபாரிகள் கூடுதல் விலை கொடுத்துக் கேமரா வகையே வாங்கலாம். சில்லறைக் கடைக்கு லேசர் போதும்.

2. பில் ரோல் பிரிண்டர்

இவை 58 மி.மீ., 80 மி.மீ. என்று இரண்டு அகலத்தில் வருகின்றன. சாதாரண எழுத்தில் 58-ல் வரிக்கு 32 எழுத்தும், 80-ல் 48 எழுத்தும் அடங்கும். சரக்கின் பெயர், அளவு, விலை, தொகை ஆகிய நான்கும் ஒரே வரியில் வர வேண்டுமானால் 80-தான் வசதி. ஜி.எஸ்.டி. விவரமும் அடிப்பவர்கள் 58 வாங்கிவிட்டுப் பின்னால் வருந்த வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது இ.எஸ்.சி. பி.ஓ.எஸ். மொழி பேசுமா?" எப்சன் கம்பெனி உண்டாக்கிய அந்த மொழியையே இன்று சந்தையில் உள்ள பில் பிரிண்டர்களில் பெரும்பாலானவை பேசுகின்றன. ஆம் என்றால் லினக்ஸில் ஓட வைப்பது கடினமல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். மலிவு வகைகளில் தமிழ் எழுத்து உள்ளே இருப்பதில்லை. தமிழில் பில் வேண்டுமானால் எழுத்தைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அதைப் பில் மென்பொருள் செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு வரி அடித்துக் காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

3. டாட் மேட்ரிக்ஸ்

கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்க வேண்டிய மொத்தக் கடைக்கும் லாரி செட்டுக்கும் இன்றும் இதற்கு மாற்று இல்லை. ரிப்பன் எழுத்து தெர்மல் எழுத்து போல மறைவதும் இல்லை. எப்சன் எல்.எக்ஸ். 310 போன்ற 9 ஊசி வகைக்கும், 24 ஊசி வகைக்கும் கப்ஸ் அமைப்போடு பொதுவான டிரைவர் உண்டு. மற்றக் கம்பெனி டாட் மேட்ரிக்ஸ் என்றால் கையேட்டில் 'எப்சன் எமுலேஷன்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே டிரைவர் போதும்.

பழைய மெஷினில் அகலமான பேரலல் போர்ட் மட்டும் இருந்தால், யு.எஸ்.பி. மாற்றி வயர் கிடைக்கிறது. ஓடுகிற பழைய பிரிண்டரை விற்றுவிட்டுப் புதியது வாங்க அவசரம் வேண்டாம். ஆங்கில எழுத்து வேகமாக அடிக்கும். தமிழ் எழுத்து படமாகப் போவதால் மெதுவாகத்தான் வரும்.

4. லேசரும் மைத்தொட்டியும்

முழுத்தாள் பில், ரிட்டன் நகல், விலைப்பட்டியல் அடிப்பதற்கு இவை.

எச்.பி. கம்பெனி லினக்ஸுக்கென்றே 'எச்.பி.எல்.ஐ.பி.' என்ற மென்பொருளை வெளியிடுகிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றில் அது கூடவே வருகிறது. ஆயினும் லேசர்ஜெட் 1020, பி.1007, பி.1108 போன்ற சில மாடல்களுக்கு 'பிளக்-இன்' என்று ஒரு துண்டை இன்டர்நெட்டிலிருந்து தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று சிலர் ரிப்பேருக்குத் தூக்கிப் போகிறார்கள்.

எப்சன் மைத்தொட்டி வகைகளில் எல்.3210, எல்.3250 போன்றவற்றுக்குக் கம்பெனியே லினக்ஸ் டிரைவர் தருகிறது. ஸ்கேனுக்கு 'எப்சன் ஸ்கேன் 2' என்பதைத் தனியாகப் போட வேண்டும். பிரதர் கம்பெனியும் பல மாடல்களுக்கு லினக்ஸ் டிரைவர் வெளியிடுகிறது. அங்கும் பிரிண்டுக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று.

பல கடைகளில் இருக்கும் கேனான் எல்.பி.பி. 2900 உழைக்கும் மெஷின்தான். ஆனால் அது 'காப்ட்' என்ற தனி மொழி பேசுவது. லினக்ஸில் ஓட வைத்தவர்கள் உண்டு. அதற்குத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும். லினக்ஸுக்கென்று புதிதாக வாங்குபவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

மாடல் பெயரெல்லாம் நினைவில் நிற்காது என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி சொல்கிறோம். பெட்டியின் மேல் 'ஏர்பிரிண்ட்' அல்லது 'மோப்ரியா' என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். செல்போனிலிருந்து நேரே அடிப்பதற்காக ஏற்பட்ட பொது முறைகள் இவை. இந்த முறையில் பேசும் பிரிண்டருக்கு இப்போதைய லினக்ஸில் தனி டிரைவரே வேண்டியதில்லை. ஏர்பிரிண்ட் உள்ள பல மூன்று-வேலை மெஷின்களில் ஸ்கேனும் அதே போல ஓடிவிடுகிறது. வருங்காலமும் இந்த வழியில்தான் போகிறது என்று கப்ஸ் அமைப்பைப் பராமரிப்பவர்களே சொல்லிவிட்டார்கள். இரண்டு மெஷின் விலையில் சிறிது வித்தியாசம் என்றால், இந்த அடையாளம் உள்ளதையே எடுங்கள்.

5. தாள் ஸ்கேனர்

பில்லையும் சீட்டையும் ஸ்கேன் செய்ய மட்டும் என்றால் தட்டையான சிறிய ஸ்கேனர் போதும். கேனான் லைடு 300, லைடு 400 இரண்டும் சேன் அமைப்பில் ஓடுபவை. யு.எஸ்.பி. வயரிலேயே கரண்டும் எடுத்துக்கொள்வதால் தனி பிளக் வேண்டாம். எந்த மாடலாக இருந்தாலும், சேன் அமைப்பினர் வெளியிட்டிருக்கும் பட்டியலில் அதைத் தேடச் சொல்லுங்கள். 'முழுமை', 'நன்று', 'அடிப்படை', 'குறைந்தபட்சம்', 'ஆதரவில்லை' என்று அதில் தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு தரம் என்றால் தைரியமாக வாங்கலாம்.

4800 டி.பி.ஐ. என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பில்லுக்கு 300 போதும். நாளைக்கு இருபது முப்பது பில் வருகிற கடைக்கு, தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் 'ஏ.டி.எஃப்.' வசதி இருந்தால் கை வலி மிச்சம். நாளைக்கு நாலே பில் என்றால், நல்ல வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்தாலும் போதும். அதற்காக ஸ்கேனரே வாங்கியாக வேண்டும் என்று சொல்ல மாட்டோம்.

வாங்கும் முன் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். அதைச் செருகி எந்தக் கம்ப்யூட்டரையும், உள்ளே ஒன்றையும் மாற்றாமல், தற்காலிகமாக லினக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் பென் டிரைவையும் முடிந்தால் ஒரு லேப்டாப்பையும் கையோடு கொண்டு போங்கள். பெட்டி பிரித்துக் காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினில் மாட்டி, ஒரு தாள் அடித்து, ஒரு தாள் ஸ்கேன் செய்து பாருங்கள். இரண்டும் வந்தால் வாங்குங்கள். கடைக்காரர் சோதிக்க விடவில்லை என்றால், "லினக்ஸில் ஓடாவிட்டால் ஒரு வாரத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கும் சம்மதிக்காதவரிடம் பேரம் எதற்கு?

விலை என்பது மெஷின் விலை மட்டுமல்ல

மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் எடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். கணக்கு இப்படிப் போடுங்கள். ஒரு டோனர் 1,500 ரூபாய், 1,500 பக்கம் அடிக்கும் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஒரு ரூபாய். எப்சன் மைத்தொட்டி வகையின் 65 மி.லி. கறுப்பு மைப் பாட்டில் 4,500 பக்கம் வரை அடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. பாட்டில் விலையை 4,500-ஆல் வகுத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஆனால் மைத்தொட்டியை வாரக்கணக்கில் சும்மா விட்டால் மை காய்ந்து தலை அடைத்துக்கொள்ளும். தினமும் அடிப்பவருக்கு மைத்தொட்டி, எப்போதாவது அடிப்பவருக்கு லேசர் என்பது பொது விதி.

ஓர் எச்சரிக்கை

பிரிண்டர் ஓடுகிறது என்பதற்காகக் கடையையே உடனே லினக்ஸுக்கு மாற்றிவிடாதீர்கள். நம்மில் பலர் கணக்கு எழுதும் டாலி மென்பொருள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் நேரடியாக ஓடாது. இன்டர்நெட் பிரவுசரில் ஓடும் பில் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் இல்லை. மற்றவர்கள் ஆடிட்டரையும் மென்பொருள் கொடுத்தவரையும் கலந்துகொண்ட பிறகே இறங்க வேண்டும். நாம் செய்திருப்பது என்னவென்றால், கணக்கு மெஷினை அப்படியே விட்டுவிட்டு, பில் போடுவதும் சீட்டு ஸ்கேன் செய்வதும் மட்டும் பழைய மெஷினில் லினக்ஸில் வைத்திருக்கிறோம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாக ஏமாந்து பாடம் படிக்க வேண்டியதில்லை. நமது சங்க அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் பென் டிரைவும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கலாம். எந்த மாடல் யார் கடையில் ஓடியது, பிரிண்ட் வந்ததா, ஸ்கேன் வந்ததா, எந்தத் தேதியில் சோதித்தது என்று உறுப்பினர்கள் எழுதி வைத்தால், அடுத்து வாங்கப் போகிறவருக்கு அது பத்தாயிரம் ரூபாய்க்குச் சமம். முதல் பக்கத்தில் நம் கடை மெஷினின் மாடலை எழுத நாமே தயாராக இருக்கிறோம். பிரிண்ட் வரும், ஸ்கேன் வராது என்று ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். இப்போது அது கடையில் ஜெராக்ஸ் எடுக்க மட்டும் பயன்படுகிறது. பக்கத்தில் புதிய ஸ்கேனர் இருக்கிறது. எடைச் சீட்டு வந்தால், லாரி சரக்கு இறங்குவதற்குள் அதை ஸ்கேன் செய்துவிடுகிறோம்.